பின்னால் எரியும் வெள்ளை விளக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் விடுமுறைக் காலத்தில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். முன்னே ஒரு கார் செல்லும். அதன் பின்னே, கொக்கியில் மாட்டப்பட்டு, ஒரு சிறிய வீடே உருண்டு வரும். அதனுள் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, படிப்பதற்கு மேசையும் உண்டு. அமெரிக்கர் இதனை டிராவல் டிரெய்லர் என்பர்; ஆங்கிலேயர் கேரவன் என்பர். நாம் இதனைச் சக்கர வீடு என்று அழைப்போம்.

இத்தகைய சக்கர வீடு ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு குடும்பம் இரவு நேரத்தில் ஒரு காட்டோர முகாமை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மரங்களுக்கு இடையில் ஒதுக்கப்பட்ட இடத்தில் வீட்டைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்த வேண்டும். தந்தை கியரை மாற்றுகிறார். காரின் பின்புறத்தில் இரண்டு வெள்ளை விளக்குகள் எரிகின்றன. ஆனால் அவற்றின் ஒளி எங்கே விழுகிறது? பின்னால் நிற்கும் சக்கர வீட்டின் முன்சுவரில் விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அச்சுவருக்கு அப்பால், வீட்டின் பின்பக்கத்தில், இருள் அப்படியே இருக்கிறது. அங்கே மரம் இருக்கலாம், பள்ளம் இருக்கலாம், அடுத்த குடும்பத்துக் குழந்தை ஓடிக்கொண்டிருக்கலாம். தாய் கீழே இறங்கி, கையில் டார்ச் விளக்கை ஏந்தி, "இன்னும் வா, நில், இடப்பக்கம் திருப்பு" என்று குரல் கொடுக்கிறார்.

காரில் பின்னோட்ட விளக்கு இருக்கிறது. நம் ஊர் ஓட்டுநர்கள் அதனை ரிவர்ஸ் லைட் என்பர். அந்த விளக்கு எந்த வேலைக்காக அமைக்கப்பட்டதோ, அந்த வேலை மிகவும் தேவைப்படும் இடத்தில் பயனற்றுப் போகிறது. காரைவிட நீளமான, அகலமான, உயரமான சக்கர வீட்டின் பின்புறத்தில் அவ்விளக்கு பெரும்பாலும் இல்லை. இது எவ்வாறு நேர்ந்தது? இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இயந்திர ஊர்திகள் சாலைக்கு வந்த காலத்தில் மக்கள் அஞ்சியது அவற்றின் முன்புறத்தைக் கண்டுதான். இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நீராவியால் இயங்கும் ஊர்தி ஒவ்வொன்றிற்கும் முன்னே, 60 கஜ தூரத்தில், ஒருவர் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்து செல்ல வேண்டும் என்று அது விதித்தது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் மணிக்கு 2 மைல் என்பது அன்றைய வேக வரம்பு. கொடிக்காரர் எதிரே வருவோரை எச்சரித்தார். பின்னால் இருப்போரை எச்சரிக்க யாரும் நியமிக்கப்படவில்லை.

இன்பப் பயணத்திற்கென்றே செய்யப்பட்ட முதற் சக்கர வீடுகளுள் ஒன்றும் இதே வழியைப் பின்பற்றியது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் ஸ்காத்லாந்தைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்குக் கதைகள் எழுதியவர். 1885-ஆம் ஆண்டில் அவர் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் ஒரு சக்கர வீட்டைச் செய்வித்து, அதற்கு 'வாண்டரர்', அதாவது 'நாடோடி', என்று பெயரிட்டார். இரண்டு குதிரைகள் இழுத்த அவ்வீட்டில் அமர்ந்து அவர் ஸ்காத்லாந்து வரை பயணம் செய்தார். குறுகிய சாலைகளில் அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, "பெரிய வண்டி வருகிறது, விலகுங்கள்" என்று எச்சரிப்பாராம். இங்கும் எச்சரிக்கை முன்னே சென்றது. பின்புறம் பற்றிய கவலை இன்னும் பிறக்கவில்லை.

இருப்புப்பாதை உலகம் இந்த உண்மையை முன்னரே அறிந்துகொண்டது. ஒரு புகைவண்டியின் கடைசிப் பெட்டியில் பின்விளக்கு மாட்டப்பட்டிருக்கும். அது ஏன் தெரியுமா? வண்டி நிலையத்தைக் கடக்கும்போது சிக்னல்காரர் அந்த விளக்கைத் தேடுவார். விளக்குத் தென்பட்டால் வண்டி முழுமையாக வந்துவிட்டது என்று பொருள். தென்படாவிட்டால் கொக்கி அறுந்து சில பெட்டிகள் வழியில் நின்றிருக்கலாம்; ஆகையால் அடுத்த வண்டிக்கு அவர் வழிவிடமாட்டார். ஓர் ஊர்தி எங்கே முடிகிறது என்பதைத் தெரிவிக்கும் பொறுப்பு அதன் கடைசிப் பெட்டிக்கு உரியது என்பதை இருப்புப்பாதையினர் இவ்வாறு வகுத்துவிட்டனர்.

ஆயினும், கடைசிப் பெட்டி வரை விளக்கு மட்டும் போனாற் போதாது. ஓட்டுநரின் கட்டளையும் போக வேண்டும். இதனை அயர்லாந்து நாட்டின் ஆர்மா நகரத்தில் நிகழ்ந்த ஒரு துயரம் உலகிற்கு உணர்த்தியது. 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சிறுவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஒரு சிறப்பு வண்டியில் உல்லாசப் பயணம் சென்றனர். ஏற்றத்தில் எஞ்சினால் பெட்டிகளை இழுக்க இயலவில்லை. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டு செல்ல முயன்றனர். பிரிக்கப்பட்ட பின்பாதியில் போதிய தடை இல்லை. அது சரிவில் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த வண்டியின்மீது மோதியது. 80 பேர் மாண்டனர். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும் எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை தொடர்ச்சியாக இயங்கும் பிரேக் இருக்க வேண்டும் என்றும், பெட்டிகள் பிரிந்தாலும் அது தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. இழுப்பதும் இழுக்கப்படுவதும் சேர்ந்ததே ஓர் ஊர்தி என்ற பாடம் அன்று 80 உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்கப்பட்டது.

சாலை ஊர்திகள் இப்பாடத்தைக் கற்க நெடுங்காலம் ஆயிற்று. மோட்டார் விளக்கின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1898-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்திலிருந்து வெளிவந்த கொலம்பியா மின்சாரக் காரில் மின்சார முகப்பு விளக்குகள் இருந்தன. ஆனால் பெரும்பாலான கார்கள் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு அசிட்டிலீன் வாயுவின் சுடரையே நம்பியிருந்தன. ஹென்றி ஃபோர்டு 1908-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற 'டி மாடல்' காரில் முகப்பு விளக்குகள் அசிட்டிலீனால் எரிந்தன; பின்விளக்கு மண்ணெண்ணெயால் எரிந்தது. 1915-ஆம் ஆண்டில் அக்காருக்கு மின்சார முகப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. அப்போதும் பின்விளக்கு மண்ணெண்ணெயிலேயே எரிந்துகொண்டிருந்தது! முன்னே புதிய யுகம் பிறந்துவிட்டது. பின்னே பழைய யுகம் மினுக்கிக்கொண்டிருந்தது. மனிதர் எதை முதலில் கருதினர், எதைக் கடைசியாகக் கருதினர் என்பதற்கு இந்த ஒரு கார் போதிய சான்று.

அந்த மண்ணெண்ணெய் விளக்கும்கூட, 'இங்கே ஒரு வண்டி இருக்கிறது' என்று பிறருக்குச் சொல்லுவதற்கே உதவிற்று. பின்னோக்கிச் செல்லும் ஓட்டுநர் தாம் பார்ப்பதற்கென்று தனி விளக்கு இல்லை. டி மாடல் காரில் பின்னோக்கிச் செல்வதற்கென்றே ஒரு மிதி இருந்தது. அதில் எரிபொருள், தொட்டியிலிருந்து தன் எடையினாலேயே எஞ்சினுக்கு இறங்கி வரும். செங்குத்தான மேட்டில் தொட்டியில் எண்ணெய் குறைந்திருந்தால் எஞ்சினுக்கு அது எட்டாது. ஆகவே ஓட்டுநர்கள் காரைத் திருப்பி, பின்னோக்கியே மேடேற்றினர். இவ்வளவு தூரம் பின்னோக்கிச் செலுத்தப்பட்ட கார்களிலும் பின்வழியைக் காட்டும் விளக்கு ஒன்று வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை.

அதை எண்ணிப் பார்த்தவர் ஃபோர்டிடம் நெடுங்காலம் பணியாற்றிய ஹெரால்டு வில்ஸ் என்ற பொறியியல் வல்லுநர். டி மாடலுக்கு வேண்டிய உறுதியான எஃகைத் தேர்ந்தெடுத்ததில் பெரும் பங்கு இவருடையது. இன்றும் ஃபோர்டு கார்களின் நெற்றியில் காணும் சாய்ந்த எழுத்து வடிவமும் இவர் கைவண்ணம் என்று கூறுவர். 1919-ஆம் ஆண்டில் ஃபோர்டை விட்டு விலகிய அவர், மிச்சிகன் மாநிலத்தின் மேரிஸ்வில் என்ற ஊரில் தம் சொந்தக் காரை உருவாக்கினார். 'வில்ஸ் செயின்ட் கிளேர்' என்ற அந்தக் கார் 1921-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரிவர்ஸ் கியர் விழுந்தவுடன் தானாக எரியும் பின்னோட்ட விளக்கை முதலில் கொண்ட கார் என்று மோட்டார் வரலாற்றில் இதுவே பெரிதும் குறிப்பிடப்படுகிறது. காரின் விலை அதிகம், விற்பனை குறைவு. 1927-ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. கார் மறைந்தது; அதன் விளக்கு உலகில் நிலைத்தது.

அவ்விளக்கின் நிறத்தில் ஒரு நுட்பம் உண்டு. சாலையில் வெள்ளொளி கண்டால் ஊர்தியின் முகம் நம்மை நோக்கியிருக்கிறது என்று கொள்கிறோம். செவ்வொளி கண்டால் அதன் முதுகு நம்மை நோக்கியிருக்கிறது என்று கொள்கிறோம். பின்புறத்தில் வெள்ளை விளக்கு எரியும்போது, 'என் முதுகே இப்போது முகமாயிற்று. நான் உன்னை நோக்கி வருகிறேன்' என்று ஊர்தி அறிவிக்கிறது. ஆகவே அவ்விளக்கிற்கு இரண்டு கடமைகள் உள்ளன. ஓட்டுநருக்கு வழியைக் காட்டுவது ஒன்று. வழியில் நிற்பவருக்கு எச்சரிக்கை தருவது மற்றொன்று. இவ்விரண்டாவது கடமை பகலிலும் உண்டு.

இனிச் சக்கர வீட்டிற்குத் திரும்புவோம். முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கார் வாங்குவோர் பெருகினர். அவர்களோடு காரில் ஊர்சுற்றும் ஆசையும் பெருகிற்று. 1919-ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்தில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்', அதாவது 'தகர டப்பாப் பயணிகள்', என்ற வேடிக்கையான பெயரில் ஒரு சங்கம் தோன்றியது. தகர டப்பாவில் அடைத்த உணவை உண்டு, கூடாரத்தில் உறங்கி, நாடு சுற்றியவர்கள் அவர்கள். கூடாரம் மழைக்கு ஈடுகொடுக்கவில்லை. நுண்ணுயிர் ஆய்வாளரான ஆர்தர் ஷெர்மன் என்பவர் 1929-ஆம் ஆண்டில் தம் குடும்பத்துக்காக மரத்தாலான எளிய சக்கர வீடொன்றைச் செய்தார். கண்டவர் பலர் தமக்கும் ஒன்று வேண்டும் என்றனர். சில ஆண்டுகளில் அவருடைய தொழிற்சாலை நாட்டிலேயே மிகுதியான சக்கர வீடுகளைச் செய்யும் நிலையை எய்தியது.

1936-ஆம் ஆண்டில் வாலி பியாம் என்பவர் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற சக்கர வீட்டை வெளியிட்டார். விமானம் செய்வதுபோல அலுமினியத் தகடுகளை ஆணியடித்துப் பிணைத்து அதனை அமைத்தார். அதில் நால்வர் உறங்கலாம். சொந்தத் தண்ணீர் வசதி உண்டு. மின்சார விளக்குகளும் உண்டு. விலை 1,200 டாலர். வீட்டுக்குள் அமர்ந்து இரவில் நூல் படிப்பதற்கு மின்னொளி கிடைத்துவிட்டது. அவ்வீட்டை இரவில் பின்னோக்கிச் செலுத்துவதற்கோ, கையில் ஏந்திய டார்ச்சே துணையாக இருந்தது.

'முன்னேர் போன வழியே பின்னேர் போகும்' என்பது நம் பழமொழி. கார் முன்னோக்கிச் செல்லும் வரை சக்கர வீடும் இப்பழமொழிக்குக் கட்டுப்பட்டே நடக்கும். பின்னோக்கிச் செல்லத் தொடங்கியதும் பழமொழி தலைகீழாகிவிடும். இணைப்புக் கொக்கி ஒரு கீல் போன்றது. காரின் பின்புறம் வலப்பக்கம் தள்ளினால் சக்கர வீட்டின் பின்புறம் இடப்பக்கம் ஒதுங்கும். சிறிது கவனம் தவறினால் காரும் வீடும் கத்திரிக்கோல் மடங்குவதுபோல் மடங்கிவிடும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, அங்குலம் அங்குலமாகத் திருத்த வேண்டும். இருளில் அக்கண்ணாடிகளில் என்ன தெரியும்? இருளே தெரியும். தனியாக ஓடும் காருக்கு வேண்டியதைக் காட்டிலும் இங்கே பின்னொளி பல மடங்கு வேண்டியிருக்கிறது.

இந்நிலையில் சட்டம் என்ன செய்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பின்னோட்ட விளக்கு, தனி விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகவே இருந்தது. 1965-ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், கார்களின் அமைப்பிலேயே உள்ள ஆபத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாடெங்கும் விவாதம் எழுந்தது. 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஊர்திப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்கீழ் பல தரவிதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் விளக்குகளைப் பற்றியது 108-ஆம் எண் விதி. அது 1968-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

கார், லாரி, பஸ் ஆகியவற்றிற்குப் பின்னோட்ட விளக்கு கட்டாயம் என்று அவ்விதி கூறிற்று. டிரெய்லர்களுக்கும் பல விளக்குகளை அது கட்டாயமாக்கியது. சிவப்புப் பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் குறி காட்டும் விளக்கு, ஒளி திருப்பும் சிவப்பு வில்லைகள் ஆகிய எல்லாம் டிரெய்லருக்கு வேண்டும். ஆனால் பின்னோட்ட விளக்கு மட்டும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இடம்பெறவில்லை. டிரெய்லருக்குத் தானே பின்னோக்கிச் செல்லும் ஆற்றல் இல்லை. அதற்கு எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை. காரைத் தனியாகவும் டிரெய்லரைத் தனியாகவும் வைத்துப் பார்த்தால் விதியில் குறை தெரியாது. சாலையிலோ இரண்டும் கொக்கியால் பிணைந்து ஒன்றாகச் செல்கின்றன. காரின் விளக்கை டிரெய்லர் மறைக்கிறது. டிரெய்லருக்கு விளக்கு இல்லை. இரண்டு விதிகளுக்கு நடுவே ஓர் இருட்டு மூலை உண்டாகிவிட்டது. 1889-ஆம் ஆண்டில் இருப்புப்பாதைக்கு உணர்த்தப்பட்ட பாடம் இங்கே மறக்கப்பட்டது.

சட்டம் விட்ட இடத்தைச் சாதாரண மக்கள் தம் கைகளால் நிரப்பினர். சக்கர வீடு வைத்திருப்போர் பலர், கம்பியும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு, தாமே பின்னோட்ட விளக்குகளைப் பொருத்திக்கொண்டனர். இன்றும் அவ்வாறே செய்கின்றனர். அவ்வேலையில் பள்ளியில் படிக்கும் மின்னியற் பாடம் எவ்வளவு பயன்படுகிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

காரையும் சக்கர வீட்டையும் இணைக்கும் மின்கம்பி ஒரு பிளக்கில் முடிகிறது. சிறிய டிரெய்லர்களின் பிளக்கில் நான்கு முனைகளே உண்டு. அவற்றில் பின்னோட்ட விளக்கிற்கு இடமில்லை. பெரிய சக்கர வீடுகளுக்கு ஏழு முனைகள் கொண்ட பிளக் வழங்குகிறது. ஆறு முனைகள் வட்டமாக அமைந்திருக்கும். ஏழாவது நடுவில் இருக்கும். அந்த நடுமுனையே பின்னோட்ட விளக்கின் செய்திக்கு உரியது. காரில் ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அம்முனையில் 12 வோல்ட் மின்னழுத்தம் வரும்படி செய்யலாம். அங்கிருந்து ஒரு கம்பியைச் சக்கர வீட்டின் பின்கோடி வரை கொண்டுசெல்ல வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. 21 வாட் பல்புகள் இரண்டைப் பொருத்தினால் மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டில் அவற்றிற்கு 3.5 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். சக்கர வீட்டின் நீளம் முழுவதும் போகவும் வரவும் 20 மீட்டர் கம்பி தேவை என்று கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்புக் கம்பியானால் அதன் தடை ஏறக்குறைய 0.34 ஓம். ஓம் விதிப்படி 3.5-ஐ 0.34-ஆல் பெருக்கினால் கிடைப்பது 1.2 வோல்ட். அதாவது மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. இழை பல்புக்கு மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறையும். விளக்கு எரியும், வழி தெரியாது. அன்றியும், காரின் மெல்லிய விளக்குக் கம்பி தன் விளக்குகளோடு இந்தப் புதிய சுமையையும் தாங்க வேண்டும். தாங்காவிடில் ஃபியூஸ் போகும்.

இதற்கு மாற்று வழி ரிலே என்னும் சிறு கருவி. காரிலிருந்து வரும் மின்சாரம் ரிலேயிலுள்ள சுருளை மட்டும் காந்தமாக்கும். அதற்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். காந்தமான சுருள் ஒரு தகட்டை இழுத்து வேறொரு சுற்றை மூடும். அச்சுற்றுக்குரிய மின்சாரத்தைச் சக்கர வீட்டின் சொந்த பாட்டரியிலிருந்து தடித்த கம்பியில் எடுத்துக்கொள்ளலாம். கார் கட்டளையை மட்டும் அனுப்புகிறது. ஆற்றலைச் சக்கர வீடே தருகிறது. பாட்டரிக்கு அருகிலேயே தக்க ஃபியூஸ் ஒன்றும் இருத்தல் வேண்டும். மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதைக்கு இணைப்புக் கொக்கியை நம்பாமல் தனிக் கம்பி போடுவதே முறை. கொக்கியில் மசகும் துருவும் சேர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

விளக்கு வைக்கும் இடத்திலும் அறிவு வேண்டும். பின்சுவரில் இரண்டு வைப்பது வழக்கம். அனுபவமுள்ளோர் பக்கச் சுவர்களிலும் பின்னோக்கிச் சாய்த்து ஒவ்வொன்று வைப்பர். அதனால் சக்கரம் செல்லும் தரை ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். இரவில் முகாமில் வேலை செய்ய உதவுமென்று சிலர் தனி ஸ்விட்ச் ஒன்றும் அமைப்பதுண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஸ்விட்சை மறந்துவிட்டு நெடுஞ்சாலையில் முன்னோக்கிச் சென்றால், பின்னால் வருபவர் கண் கூசும். அதோடு, எதிரே ஒரு வண்டி தம்மை நோக்கி வருவதாகவும் அவர் மயங்கக்கூடும். வெள்ளை விளக்கு பொய் சொல்லலாகாது. முன்னோக்கிச் செல்லும்போது அது எரியக்கூடாது என்பது பல இடங்களில் சட்டமும் ஆகும்.

இன்று இழை பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. 1962-ஆம் ஆண்டில் நிக் ஹாலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். வெள்ளொளி தரும் எல்.இ.டி.க்கு நீல ஒளி வேண்டியிருந்தது. ஜப்பானியரான அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 1990-களின் தொடக்கத்துக்குள் பிரகாசமான நீல எல்.இ.டி.க்கு வழி கண்டனர். 2014-ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசும் பெற்றனர். 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டுக்கு 2 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதும். ஒளியோ பழைய பல்புகளைக் காட்டிலும் மிகுதி. கம்பியின் நீளம் இனிப் பெருந்தடையன்று.

ஐரோப்பாவில் இந்த இருட்டு மூலையைச் சட்டமே நிரப்பியது. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 48-ஆம் எண் ஒழுங்குவிதி, 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்குப் பின்னோட்ட விளக்கைக் கட்டாயமாக்குகிறது. அங்கே வழங்கும் பதின்மூன்று முனைப் பிளக்கில் எட்டாவது முனை இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே இயற்பியல், ஒரே வகை வண்டி. எனினும் ஒரு கண்டம் விளக்கை விதியாக்கியது. மற்றொரு கண்டத்தில் அது பெரும்பாலும் உரிமையாளர் விருப்பத்திற்கு விடப்பட்டது.

அமெரிக்காவில் பின்புறப் பார்வையைப் பற்றிய கவலை வேறொரு வழியில் மீண்டும் எழுந்தது. 2002-ஆம் ஆண்டில் ஒரு தந்தை தம் வீட்டு வாயிலில் காரைப் பின்னோக்கிச் செலுத்தியபோது, அவருடைய இரண்டு வயது மகன் அதன்கீழ் அகப்பட்டு இறந்தான். அத்தந்தை தம் துயரத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. வேறு பல பெற்றோரோடு சேர்ந்து சட்டம் வேண்டிப் போராடினார். 2008-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. அதன்படி விதி எழுதி முடிக்க 2014 வரை ஆயிற்று. பின்னோக்கி வரும் ஊர்திகளால் அந்நாட்டில் சராசரியாக ஆண்டொன்றுக்கு 210 பேர் இறந்தனர், 15,000 பேர் காயமுற்றனர் என்று அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை அப்போது மதிப்பிட்டது. இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 2018-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புதிய ஊர்திகள் அனைத்திலும் பின்காட்சிக் காமிரா கட்டாயமாயிற்று.

அவ்விதியும் டிரெய்லருக்குப் பொருந்தவில்லை. சக்கர வீட்டை இழுக்கும் காரில் காமிரா இருந்தாலும், அது காண்பது அந்த வீட்டின் முன்சுவரையே. 1968-இல் விளக்குக்கு நேர்ந்தது அரை நூற்றாண்டுக்குப் பின் காமிராவுக்கும் நேர்ந்தது. சக்கர வீட்டின் பின்சுவரில் தாமே காமிரா பொருத்திக்கொள்வோர் உண்டு. அவர்களும் முடிவில் விளக்கையே தேடி வருகின்றனர். ஏனெனில், சாதாரணக் காமிராவுக்கும் நம் கண்ணைப் போலவே ஒளி வேண்டும்.

இக்கதையிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? ஒரு பொருளைச் செய்பவர் அதைத் தனியே வைத்துப் பார்க்கிறார். அதைப் பயன்படுத்துபவரோ அதை வேறொன்றோடு இணைத்துப் பயன்படுத்துகிறார். இணைக்கும் இடத்தில்தான் குறை ஒளிந்திருக்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் இரவில் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிராக்டரில் விளக்கு எரியும். அது இழுக்கும் டிரெய்லரின் பின்புறம் பல வேளைகளில் இருண்டே கிடக்கும். தொங்கும் கரும்புத் தோகை இருக்கும் விளக்கையும் மறைத்துவிடும். அங்கே வேண்டியது சிவப்பு விளக்கு. இங்கே வேண்டியது வெள்ளை விளக்கு. குறை ஒன்றுதான்: இழுக்கப்படுவதை ஊர்தியாக எண்ணாத குறை.

நாளை உங்களுள் சிலர் பொறியியல் வல்லுநர் ஆவீர்கள். சிலர் சட்டம் வகுப்பீர்கள். பலர் ஊர்தி ஓட்டுவீர்கள். எந்த வேலையை முடித்தாலும், ஒருமுறை அதன் பின்பக்கம் சென்று, இருளில் நின்று, அங்கிருந்து அதைப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் ஓட்டுநர் கண்ணுக்கு அது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால், வேலை இன்னும் முடியவில்லை.